பெட்டியின் நீளம்

"எத்தினைக்கு எத்தினை எண்டு மட்டும் சொல்லும்"
என்று ஜெனிஸ்ரா கேட்டு ஒன்பது நாள்.
இரசாயனவியல் பகுதிக் குளிர்ப்பெட்டியில்
ஒரு போத்தல் ஐசோபிரீன் இருக்கிறது.
ஒருக்கால்தான் ஊற்றலாம்.
அடுத்த போத்தலுக்குக் கொழும்பில் கையெழுத்து வேண்டும்,
கையெழுத்துக்கு ஒரு வருசம்.

நான் ஊற்றுவதில்லை, எண்ணுகிறேன்.
கொக்குவிலில், கட்டில் நேராகப் போடமுடியாமல்
மூலைக்கு மூலையாய்க் கிடக்கிற வாடகை அறை.
மேசைக்குக் கீழே இரைகிற கணினிக்குள்
நாலாயிரம் சங்கிலிகள்,
ஒவ்வொன்றிலும் இருபது மணி:
ஏழு வெள்ளை, மிச்சம் கறுப்பு.

கறுப்புக்கு வெள்ளையைக் கண்ணில் காட்டக்கூடாது.
எண்ணெயும் தண்ணீரும் என்றால்
தெளியவிட மேலும் கீழுமாய்ப் போய்விடும், கதை முடிந்தது.
இதுகளுக்கு அது ஏலாது.
நடுவில் ஒரே ஒரு பிணைப்பு.
கோபித்துக்கொண்டு போகிற தூரம்
தன் சங்கிலியின் நீளம்வரைதான்.

அந்த வெறுப்பை அளக்கிற கிரேக்க எழுத்துக்குப் பெயர் கை.
கலப்பதைப் பற்றிய கை என்பதால்
குறிப்பேட்டில் கைகலப்பு என்று எழுதிவைத்தேன்.
மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை.
கையைச் சங்கிலி நீளத்தால் பெருக்கிப்
பத்தரை தாண்டினால் பாதிக்குப்பாதிக் கலவை பிரியும்
(பெருக்கத்தைச் சொல்கிறேன், மணியை அல்ல;
மணி பத்தரை தாண்டினால்
இங்கே கரண்ட் போகும்).

சரிபாதி என்றால் அடுக்கடுக்காய் நிற்கும்.
வெள்ளை நன்றாய்க் குறைந்தால் உருளை,
இன்னும் குறைந்தால் குண்டு குண்டாய் ஒடுங்கும்.
அடுக்குக்கும் உருளைக்கும் நடுவே
ஒரு சைக்கிள் மட்டும் போகிற ஒழுங்கை.
அங்கே, பாடநூல் கூச்சமில்லாமல் சொல்கிறது,
சிறுபான்மை இரண்டு வலையாய்
உடம்பு முழுக்க ஓடும்,
ஒன்றையொன்று தொடாமல், எங்கேயும் அறுபடாமல்.
ஜெனிஸ்ராவுக்கு அந்த அவத்தைதான் வேண்டும்.
உவர்க் கிணற்றுக்கு வடி செய்யப்போகிறாளாம்.

எனக்கு வந்தது சரிந்த அடுக்கு.
ஒன்பது இரவும் அடுக்கு,
ஒன்பது இரவும் ஒரே பக்கம் சரிந்து.
கையைக் கூட்டினேன், குறைத்தேன்.
சூடாக்கி மெல்ல மெல்ல ஆறவிட்டேன்.
பக்கத்து வளவுக் கிணற்று மோட்டர் போட
வெளிச்சம் மங்கும், அதையும் திட்டினேன்.

பத்தாம் இரவு, படுக்கப் போனவள்
கட்டிலைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

சுவரே இல்லாத பெட்டி அது.
வலப்பக்கத்தால் வெளியேறுகிற மணி
இடப்பக்கத்தால் உள்ளே வரும்,
ஆகவே முடிவில்லை என்று நம்பியிருந்தேன்.
ஆனாலும் முப்பது என்று ஒரு நீளம்
நான்தானே தட்டினேன், முதல் நாள், யோசிக்காமல்.
கோலத்துக்குத் தன் அகலம் தெரியும்.
அது முப்பதுக்குள் நிமிர்ந்து அடங்கவில்லை.
அகலத்தை விட்டுக்கொடுக்காமல்
குறுக்கே படுத்துக்கொண்டது.

முப்பத்தாறாக்கினேன்.
விடிய நாலு மணிக்குக் கரண்ட் போக முன்னம்
கடைசியாய்ச் சேமித்த படத்தில்
அடுக்குகள் அங்கங்கே துளைபட்டு
ஒன்றுக்குள் ஒன்று கைநீட்டத் தொடங்கியிருந்தன.
வலை என்று சத்தியம் பண்ணமாட்டேன்.
"ஏழுக்குப் பதின்மூண்டு. ஆனா ஊத்தாதையும்,
பெட்டியை இன்னும் ஒருக்காப் பெருப்பிச்சுப் பாக்கிறன்"
என்று செய்தி அனுப்பினேன்.

"நேற்றே ஊத்தியிட்டன்.
வெள்ளை முப்பத்தேழரை வீதம், மனக்கணக்கு.
இனி அது என்ன செய்யுமெண்டு நீர் சொல்லும்."

இருபது மணியில் முப்பத்தேழரை வீதம்
ஏழரை.
ஏழரை மணியை நான் எங்கே கோர்க்க?
சங்கிலியை நாற்பதாக்கினால் பதினைந்து, சரிவரும்.
கையைப் பாதியாக்கவேண்டும்.
சங்கிலி நீண்டால் கோலமும் அகலும்.

கரண்ட் வந்துவிட்டது.
பெட்டியின் நீளம்? என்று
திரை திரும்பக் கேட்கிறது.